கல்லுக்கு நோட்டம் உண்டு, மனிதனுக்கு?

"ஐயா! கரியும் வைரமும் ஒரே பொருள்தான் என்றால், ஒன்று உலைக்குப் போவானேன், மற்றொன்று காதுக்குப் போவானேன்?"

கேட்டான் ஒரு சிறுவன், எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் எழுந்து நின்று. சிரித்தது வகுப்பு. நாமும் சிரித்தோம். நெய்வேலியில் அல்லவா எழுகிறது இந்தக் கேள்வி! 1930-களில் தம் நிலத்தில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியாரின் கண்ணில் கரிய பொருளொன்று பட்டது. 1956 நவம்பர் 14-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் அந்நாள் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி பகலொளியைக் கண்டது. அன்று முதல் கரியால் உண்டு, கரியால் உடுத்து, கரி தந்த விளக்கொளியில் எழுத்தறிவு பெற்று வளர்ந்த ஊர் இது. அந்த ஊர்ப் பிள்ளை கேட்கிறான், எங்கள் கரிக்கு ஏன் அந்தப் பெருமை இல்லை என்று!

"அணுக்கள் அடுக்கப்பட்ட முறை வேறு, ஆகவே குணம் வேறு" என்று பாடநூல் விடையைக் கூறி அமரச் செய்தோம். அமர்ந்துவிட்டான் சிறுவன், அமரவில்லை கேள்வி. வேடிக்கைக்காக அவன் கேட்கவில்லை என்பது ஒரு கிழமை கழித்தே நமக்குத் தெரிந்தது.

அவனுக்குத் தமக்கை ஒருத்தி உண்டு. தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. பெண்ணுக்கு மணம் பேசி, நாளும் குறித்தாகிவிட்டது. "வைரத்தோடு இல்லாமல் பெண் மணவறைக்கு வருவதா?" என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சிணையைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது; ஆனால் சம்பந்தி வீட்டார் 'கேட்பதில்லை', 'எதிர்பார்க்கிறார்கள்'! எஞ்சியிருந்த காணியை விற்று ஏழுகல் தோடு வாங்கி வந்தார் தந்தை. தமக்குத் தெரிந்த நோட்டக்காரரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள் மாப்பிள்ளை வீட்டார். "நிறத்தில் சற்றே மஞ்சள் சாயல், ஒரு கல்லில் கரும்புள்ளி" என்றார் அவர். அவ்வளவுதான்! மஞ்சள் சாயலுக்காகப் பணம் கூட்டிக் கேட்டார்கள். கரும்புள்ளிக்காகச் சகுனம் பார்த்தார்கள். "புள்ளி விழுந்த வைரம் குடியைக் கெடுக்கும்" என்றார் அவ்வீட்டு மூதாட்டி ஒருவர். நின்றது திருமணம்.

பெண்ணிடம் குறை கண்டவர் எவருமில்லை. படித்தவள், பண்புடையவள் என்று அவர்களே ஒப்பினார்கள். இருந்தும் என்ன? கல்லில் இருந்த புள்ளி, கன்னியின் வாழ்விலே விழுந்தது!

ஆகவே, சிறுவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையைத் தேட வேண்டியவரானோம். வைரத்தின் தரம் என்பது யாது? அதை அளப்பவர் யார்? அளவு எது வரையில் உண்மை, எந்த இடத்தில் பொய்யாகிறது?

வைரம் என்பது கார்பன். 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்னும் ஆங்கில வேதியியலார் வைரத்தை எரித்து, கரியை எரித்தால் எந்த வளி கிடைக்குமோ அதே வளிதான் இதிலும் கிடைக்கிறது என்று மெய்ப்பித்தார். ஆனால், நிலக்கரி முதிர்ந்து வைரமாகிறது என்று சிலர் கூறுகிறார்களே, அது வெறுங்கதை. நெய்வேலிக் கரி பண்டைக் காட்டு மரங்கள் புதையுண்டு உருவானது. வைரமோ, பூமிக்குள் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே கடும் அழுத்தத்தில் விளைந்து, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. பெரும்பாலான வைரங்கள், நிலத்தில் மரம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே பிறந்துவிட்டவை. தந்தையும் மகனும் அல்ல இவை இரண்டும். ஒரே குடியிற் பிறந்து வெவ்வேறு ஊர்களில் வளர்ந்த உடன்பிறப்புகள்.

இந்த வைரத்தை நால்வகையில் அளக்கிறார்கள் இன்றைய நோட்டக்காரர்கள்.

முதலாவது, எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதை நூறாக வகுத்தால் ஒரு சென்ட். கரோப் என்னும் மரத்தின் விதையை எடைக்கல்லாக வைத்த பழக்கத்திலிருந்து பிறந்தது காரட் என்னும் சொல். நம் முன்னோர் குன்றிமணியையும் மஞ்சாடியையும் வைத்து நிறுத்ததைப் போல.

இரண்டாவது, நிறம். ஆங்கில எழுத்து டி-யில் தொடங்கி இசட் வரையில் 23 படிகள். டி என்றால் நிறமே இல்லாதது. இறங்க இறங்க மஞ்சள் ஏறும். கல்லைத் தலைகீழாக வைத்து, முன்னரே தரம் கண்ட மாதிரிக் கற்களோடு ஒரே விளக்கொளியில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஏ, பி, சி என்னும் எழுத்துகளை வணிகர்கள் தத்தம் விருப்பம்போல் பயன்படுத்திக் குழப்பியிருந்தமையால், அவற்றை விடுத்து டி-யில் தொடங்கினர்.

மூன்றாவது, தெளிவு. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்து, உள்ளே கீற்று உண்டா, புள்ளி உண்டா, முகில் போன்ற மங்கல் உண்டா என்று ஆராய்ந்து, மாசற்றது முதல் மாசு மிக்கது வரையில் 11 படிகள் வகுத்திருக்கிறார்கள்.

நான்காவது, பட்டை. மற்ற மூன்றும் மண் தந்தவை. இது ஒன்றே மனிதன் கை தருவது. பட்டை அளவுக்கு மீறி ஆழமானாலும் ஒளி கசியும்; தட்டையானாலும் ஒளி ஒழுகும். கோணங்கள் ஒழுங்காக அமைந்தால்தான் புகுந்த ஒளி திரும்பி வந்து கண்ணிலே பாயும். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார் இந்தக் கோணங்களைக் கணக்கிட்டு நூலே எழுதினார்.

அமெரிக்காவில் 1931-இல் ராபர்ட் ஷிப்லி தொடங்கிய மணிக்கல் ஆய்வுக் கழகம் 1953-இல் நிறத்துக்கும் தெளிவுக்கும் இந்தப் படிகளை வகுத்தது. 1955-இல் முதல் தரச்சான்றுகளை வழங்கியது.

மேலைநாட்டார் கண்டுபிடித்தது மட்டும்தானா இந்தக் கலை? அன்று! சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிவணிகர் வீதி வருகிறது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்கள் நான்கும் அங்கே பெயர் சொல்லப்படுகின்றன. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு! இன்றைய உருப்பெருக்கி தேடுவதும் ஏறத்தாழ இவற்றைத்தான். தஞ்சைப் பெரிய கோவிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளோ, கொடையாக வந்த நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுணுகி எழுதியதோடு நிற்கவில்லை. பதித்த வைரங்களில் விரிசல் உள்ளவை, செம்புள்ளி உள்ளவை, கரும்புள்ளி உள்ளவை, வெந்த அடையாளம் உள்ளவை ஆகியனவும் அடங்கும் என்று குறையையும் கல்லில் வெட்டி வைத்தன. கொடுத்தவன் மன்னன் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கவில்லை கணக்கெழுதியவன் உளி. போற்றத்தக்க நேர்மை அது!

ஆகவே, தரம் பார்ப்பதையே தீதென்று கூற வரவில்லை நாம். ஒரே கண்ணாடி, ஒரே விளக்கு, ஒரே தராசு, எவரும் மீண்டும் சோதித்துப் பார்க்கக்கூடிய எழுத்துச் சான்று, இவை இருக்குமிடத்தில் தரம் என்பது உண்மையின் மறுபெயர். ஆனால் தரம் வேறு, விலை வேறு, மதிப்பு வேறு. மூன்றையும் ஒன்றாக்கிக் குழப்பும்போதுதான் கேடு பிறக்கிறது.

விலையைப் பாருங்கள். 0.99 காரட் கல்லுக்கும் ஒரு காரட் கல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு 2 மில்லிகிராம். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. விலைக்கு மட்டும் தெரியும், ஒரு படி தாவிவிடும். இலேசான மஞ்சள், விலையைக் குறைக்கும் குற்றம். அதே மஞ்சள் ஆழ்ந்து செறிந்தால், 'அரிய வண்ணக் கல்' என்று விலை ஏறும்! உள்ளே சிக்கிய கனிமத் துணுக்கு வணிகருக்குக் குறை. பூமியின் ஆழத்தை ஆராயும் அறிஞருக்கோ அதுவே புதையல். 2014-இல் பிரேசில் நாட்டு வைரம் ஒன்றில் இருந்த அத்தகைய துணுக்குதான், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பாறையில் நீர் அடங்கியிருக்கிறது என்று காட்டியது. எந்தப் புள்ளி குடியைக் கெடுக்கும் என்று மூதாட்டி அஞ்சினாரோ, அது போன்ற புள்ளியில் உலகின் உள்ளடக்கத்தைப் படிக்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்!

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் உலகுக்கு வைரம் வழங்கியது பெரும்பாலும் இந்தியா. கோல்கொண்டாச் சுரங்கங்களின் புகழ் கடல் கடந்தது. பிறகு பிரேசில். 1867-இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு கல் அகப்பட்டது. அதைத் தொடர்ந்து குவிந்தன வைரங்கள். குவிந்தால் விலை விழ வேண்டுமல்லவா? விழவில்லை. 1888-இல் தோன்றிய டி பியர்ஸ் நிறுவனம் சந்தைக்கு வரும் கற்களைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு, அளந்து அளந்து விட்டது. வைரம் அழியாதது, ஆகவே அன்பின் அடையாளம் என்று 1947-இல் ஒரு விளம்பரத் தொடரையும் உலவ விட்டது. நம் நாட்டில் அந்த விளம்பரமும் வேண்டியிருக்கவில்லை. சம்பந்தி வீட்டு வாயே போதும்! தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டெய்ன் என்னும் சுரங்கத்தின் பெயர் உருமாறி, 'புளூ ஜாகர்' என்று நம் பாட்டிமார் நாவிலே ஏறிற்று. அந்தச் சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. 'அசல் புளூ ஜாகர்' என்று கூறி மதிப்பை ஏற்றும் பழக்கம் மட்டும் இன்னும் மூடப்படவில்லை.

விலைக்குள் புகுந்த மற்றொரு நோயையும் காண வேண்டும். அதுதான் பிறப்பு!

வராகமிகிரர் எழுதிய பிருகத்சம்கிதை என்னும் வடமொழி நூல், ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. வெண்ணிற வைரம் அந்தணர்க்கு, சிவப்பும் மஞ்சளும் அரசர்க்கு, வாகைப்பூ நிறம் வணிகர்க்கு, வாளின் நிறம் சூத்திரர்க்கு என்று அது பங்கிட்டது. நம் சிலம்பிலும் மணிகளுக்கு 'நால்வகை வருணம்' என்னும் சொல் நுழைந்திருக்கிறது, மறைக்க வேண்டுவதில்லை. மண்ணுக்கடியில் கிடந்த கல்லுக்கு ஏது சாதி? கல் தானாகச் சாதி கேட்கவில்லை. மனிதன் தன் நோயைக் கல்லுக்கும் ஒட்டிவிட்டான்!

"அது பழைய கதை, இன்று விஞ்ஞானக் காலம்" என்பார் ஒருவர். விஞ்ஞானக் காலக் கதையையும் கேளுங்கள். 1954-இல் அமெரிக்காவில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் வைரத்தை ஆக்கிக் காட்டினார்கள். இன்று மீத்தேன் வளியிலிருந்தே வைரத்தை வளர்க்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.க்கு இந்த ஆராய்ச்சிக்கென்று ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வளர்த்த வைரமும் கார்பன்தான். அதே கடினம், அதே ஒளி. வெறுங்கண்ணால் வேறுபாடு காண இயலாது. ஆனால் விலையோ மிகக் குறைவு. முன்னே சொன்ன அமெரிக்கக் கழகம் 2025-ஆம் ஆண்டில், ஆய்வுக்கூட வைரங்களுக்கு அந்தப் பழைய நிறப்படிகளையும் தெளிவுப்படிகளையும் இனி வழங்குவதில்லை என்று முடிவு செய்து, உயர்தரம், பொதுத்தரம் என்னும் இரண்டே சொற்களால் குறிக்கத் தொடங்கியது.

நேர்மையாகப் பேசுவோம். அக்கழகம் காரணம் கூறாமலில்லை. வளர்த்த வைரங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு சில உயர்ந்த படிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அரிய கற்களைப் பிரித்துக் காட்ட வகுத்த ஏணி இவற்றுக்குத் தேவையில்லை என்கிறது. வாங்குபவன் கல் எங்கிருந்து வந்தது என்பதை அறிய வேண்டும். அந்த உரிமையை மறுப்பாரில்லை. அரிதாகக் கிடைப்பதற்குக் கூடுதல் பணம் தருவேன் என்று ஒருவன் கூறினால், அது அவன் பணம், அவன் விருப்பம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது: குணத்தை அளக்கும் கண்ணாடியை ஒருபுறம் வைத்துவிட்டு, 'எங்கே பிறந்தாய்?' என்று கேட்கத் தொடங்கும் அந்த நொடியில், நோட்டக்காரன் வேலை முடிந்துவிடுகிறது. வேறொருவன் வேலை தொடங்கிவிடுகிறது. கல்லின்மட்டில் அந்த இழப்பு காசோடு போகும். மனிதனிடத்தில்?

பத்து மடங்கு பெருக்கும் அந்தக் கண்ணாடிக்குத் தெரியாதவையும் உண்டு. 1991 முதல் 2002 வரையில் சியரா லியோன் நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் வைரம் விற்ற பணம் துப்பாக்கியாயிற்று. கைகள் வெட்டப்பட்ட மக்கள் ஆயிரமாயிரம். அங்கிருந்து வந்த கல்லும் மாசற்றது என்றே தரம் பெற்றிருக்கக்கூடும்! குருதிக்கறையைக் காட்டும் உருப்பெருக்கி எது? உலகம் வெட்கி, 2003-இல் கிம்பர்லி நடைமுறை என்று ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

தொலைவுக்குப் போவானேன்? நம் ஊர்க் கரிக்கும் தரம் உண்டு. ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரித்தால் வெப்பம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். நெய்வேலிக் கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம் என்று அந்த அளவு கூறும். 2020-ஆம் ஆண்டு மே, சூலைத் திங்கள்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனரே, அவர்தம் வீட்டுக் கண்ணீரின் ஈரத்தை எந்த அளவு கூறும்? மாண்டவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். நிரந்தரம் என்று ஒரு சொல், ஒப்பந்தம் என்று ஒரு சொல். தீ அந்த இரண்டு சொற்களையும் படித்துப் பார்த்துவிட்டா சுட்டது?

மீண்டும் மதுரைக்கு வருவோம். வைரத்தின் நான்கு குற்றங்களையும் பெயர் சொல்லி அறிந்த ஊர் அது. அந்த மணிவீதியை வியந்து பார்த்தவன் கோவலன். அதே ஊரில்தான், ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல்லைக் கேட்டு, உசாவாமல், உடைத்துப் பாராமல், அவன் உயிரைப் பறித்தார்கள். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கண்ணகி வந்து உடைத்துக் காட்டும் வரையில் அந்த அவைக்கு அது தோன்றவில்லையே! கல்லுக்கு அத்தனை நுண்ணிய நோட்டம். மனிதனுக்கு ஒரு நொடி நோட்டமும் இல்லை. மதுரையை எரித்த தீ, அந்த ஏற்றத்தாழ்விலிருந்து எழுந்த தீ என்றே நாம் கருதுகிறோம்.

இவ்வளவும் எண்ணிய பின்னர், நம் மேசையில் கிடந்த குறிப்பேட்டைத் திறந்தோம். நாமும் நோட்டக்காரர்தாமே! ஆண்டுதோறும் நாற்பது பிள்ளைகளுக்கு எடை போட்டு, நிறம் கண்டு, தெளிவு பார்த்துப் படி வகுப்பது நம் தொழில். அந்தச் சிறுவனின் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருந்தோம்? 'சுமார்' என்று எழுதியிருந்தோம். எப்போது? பள்ளி திறந்த முதல் திங்களில். எதைக் கண்டு? கடைசி வரிசையைக் கண்டு, கசங்கிய சட்டையைக் கண்டு, தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் இருந்த ஒரு சொல்லைக் கண்டு! மூதாட்டி கல்லின் புள்ளியைக் கண்டு பெண்ணை ஒதுக்கினார். படித்த நாம் தந்தையின் தொழிலைக் கண்டு மகனை ஒதுக்கினோம். மூதாட்டியை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்ல நமக்கு எந்த உரிமை?

வைரம் என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறொரு பொருளும் உண்டு. முதிர்ந்த மரத்தின் உள்ளே இறுகிய நடுக்கட்டையையும் வைரம் என்றே சொல்கிறோம். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று உழைத்து உரமேறிய மனிதனைச் சொல்கிறோம். சுரங்கத்து வைரம் தோண்டி எடுக்கும் முன்பே முடிந்துவிட்ட ஒன்று. அதன் நிறமும் மாசும் அங்கேயே எழுதப்பட்டுவிட்டன. மரத்தின் வைரமோ அப்படியன்று. வெயிலும் மழையும் தாங்கி, ஆண்டுக்கு ஆண்டு, உள்ளிருந்து ஏறுவது. பிள்ளைகளை ஒப்பிட வேண்டுமானால் இந்த வைரத்தோடு ஒப்பிடுக! கன்று நிலையில் இருப்பதை வெட்டிப் பார்த்து, 'வைரம் இல்லை' என்று எழுதிவிடுவது நோட்டம் ஆகாது, கொலை ஆகும்.

கடன் வாங்கியாவது மஞ்சள் சாயலுக்கு ஈடு கட்டிவிடுவது என்று துணிந்துவிட்டார் அந்தத் தந்தை. தடுத்தவள் பெண். "கல்லுக்குச் சான்று கேட்டார்கள், காட்டினோம். மாப்பிள்ளைக்கு நாம் எந்தச் சான்றையப்பா கேட்டோம்?" என்றாளாம். தோட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கழிவு போக வந்த பணம், போட்ட பணத்தைவிடக் குறைவுதான். அதைக் கொண்டு செவிலியர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். காணி போனது போனதுதான். அந்த நட்டத்தை எந்தச் சொல்லாலும் நாம் ஈடு செய்துவிட முடியாது.

தோழர்களே! கல்லைப் பார்க்கப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி வைத்திருக்கிறோம். மருமகளைப் பார்க்க, மாணவனைப் பார்க்க, உடன் உழைப்பவனைப் பார்க்க என்ன வைத்திருக்கிறோம்? கல்லுக்குக் காட்டும் பொறுமையில் பாதியையேனும் மனிதனுக்குக் காட்டக் கூடாதா? ஒரே விளக்கின் கீழ், ஒரே தராசில், பிறப்பைக் கேளாமல், மீண்டும் ஒருமுறை பார்க்கச் சித்தமாய்ப் பார்ப்போமானால், அதுவே அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு நாம் தரும் மெய்யான விடையாகும்.

குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த சொல்லை அடித்துவிட்டோம். வேறு சொல் இன்னும் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.